தீவுக்குப் போகுமுன்

தீவு காணப் போவதென்று எம் இல்லத்தில் முடிவு செய்து ஓராண்டு நிறைகிறது. இன்னும் புறப்பட்டபாடில்லை. சங்கத்து அன்பர்கள் கடைத்தெருவில் எம்மைக் காணும்போதெல்லாம், "என்ன, கப்பல் ஏறியாயிற்றா?" என்று வினவுகின்றனர். அவர்களுக்கு விடையாகவும், அத்தகைய ஆசை உள்ள குடும்பத்தார்க்குச் சிறிது பயன்படட்டும் என்றும் இதனை எழுதலானோம். பயணக் கட்டுரை எழுதுவோர் போய்வந்த பின் எழுதுவதே வழக்கம். யாம் போகுமுன்னரே எழுதத் துணிந்தோம். ஏனெனில், போவதற்கான ஏற்பாட்டிலேயே யாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று இருந்தது. அதனைக் கற்பித்தவர் எம் அன்னையார்.

வண்டன்மேட்டு மலைமேல் வாழும் எமக்குத் தீவின்மேல் ஆசை வந்த கதை சிறியது. எம் மகன் ஆறாம் வகுப்பில் படிக்கிறான். சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிலப்படத்தைத் திண்ணையில் விரித்து வைத்துக்கொண்டு, "அப்பா, தீவுன்னா நாலு பக்கமும் கடல்தானே? அப்ப அங்க இருக்கிற மிருகமெல்லாம் எப்படிப் போச்சு?" என்று கேட்டான். மலைக்குக் கீழே ரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் எமக்கு, எந்த வண்டி எந்த நிலையத்தில் எத்தனை நிமிடம் நிற்கும் என்று சொல்லத் தெரியும். மிருகங்கள் தீவுக்குப் போன வழி தெரியவில்லை. "படித்துச் சொல்கிறேன்" என்றோம். பத்தாம் வகுப்போடு நின்றுபோன எம் படிப்பு அன்று மீண்டும் தொடங்கிற்று.

நூலகத்து நூல்களிலிருந்து யாம் அறிந்தது இது. பறவையும் வௌவாலும் பறந்து சென்றன. பல்லியும் ஓணானும் பாம்பும் வெள்ளம் அடித்துக்கொண்டு போன மரங்களைப் பற்றி மிதந்து சென்றன. சில விதைகள் அலையில் ஒதுங்கின. சில பறவையின் வயிற்றில் பயணம் செய்தன. எவ்வழியில் வந்தாலும், வந்து சேர்வன மிகச் சிலவே. வந்தவை பல்லாயிரம் ஆண்டுகள் தனித்து வாழ்ந்து, தாய்நிலத்து உறவினின்று மெல்ல மெல்ல வேறுபட்டு, அத்தீவிலன்றி உலகில் வேறெங்கும் காண இயலாத இனங்களாகிவிடுகின்றன. 1835இல் காலாபாகஸ் தீவுகளில் டார்வினும், பின்னர் மலாய்த் தீவுக்கூட்டத்தில் எட்டாண்டுகள் அலைந்த வாலேசும் கண்டு சொன்ன உண்மை இது. இதைப் படித்தபோது, கம்பம் பள்ளத்தாக்கை விட்டு மலையேறிய நம் முன்னோரின் நினைவு எமக்கு வந்தது. வந்து சேர்ந்த இடத்தில் வேரூன்றி வேறு ஆளாகிப்போவது நமக்குத் தெரியாத செய்தியன்று.

மகனுக்குச் சொன்னோம். "அப்படியானால் நேரில் போய்ப் பார்க்கலாமா?" என்று அவன் கேட்டான். எம் துணைவியார் அப்போது ஓர் ஏலச்சீட்டு கட்டி வந்தார். ஏலக்காய் விளையும் ஊரில் ஏலச்சீட்டுக்கு வேலை எப்போதும் உண்டு. வீட்டுக் கூரையை மாற்றுவதற்கென்று வைத்திருந்த பணம் அது. "கூரை இன்னும் இரண்டு மழை தாங்கும், பிள்ளையின் வயது தாங்காது" என்று அவர் சொல்லிவிட்டார். முடிவு அன்றே ஆகிவிட்டது.

எந்தத் தீவுக்குப் போவது? இலட்சத்தீவு அருகில் உள்ளது. கொச்சியிலிருந்தே கப்பல் உண்டு. ஆனால் அவை பவளத் திட்டுகள். எல்லாத் தீவுகளின் நிலப்பரப்பையும் சேர்த்தாலும் 32 சதுரக் கிலோமீட்டர் அளவினதே. மகன் விரும்பியது காடும் கடலும் ஒருசேர உள்ள இடம். மன்னார் வளைகுடாவில் இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் வரிசையாக உள்ளன. அவற்றைச் சூழ்ந்த கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்குப் பவளம் உண்டு. வடக்கே பாக் நீரிணையில் கடற்பசு உண்டு. ஆனால் அத்தீவுகள் மிகச் சிறியன. மூட்டை கட்டிக்கொண்டு பல நாள் நடந்து பார்ப்பதற்கான காடு அங்கில்லை. ஆகவே அந்தமான் என்று தீர்மானித்தோம்.

அந்தமான் நிக்கோபாரில் தீவு, திட்டு, பாறை எல்லாம் சேர்த்து 836 என்று அரசுக் கணக்குக் கூறுகிறது. மக்கள் நிலையாக வாழ்வன 31 மட்டுமே. மொத்தப் பரப்பு 8,249 சதுரக் கிலோமீட்டர். அதில் மிகப் பெரும் பகுதி இன்றும் காடு. அந்தமான் பகுதியின் உயர்ந்த சிகரம் வட அந்தமானில் உள்ள சாடில் சிகரம், 732 மீட்டர். இதைக் கேட்ட அன்னையார், "நம்ம வீடு அதைவிட உசரத்துல இருக்கு, அங்க போய் என்னத்த ஏறப்போறீங்க?" என்றார். அவர் சொன்னது உண்மையே.

போகும் வழியை ஆராய்ந்தோம். இடுக்கி மாவட்டத்தில் ரயில் இல்லை என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் 2023 ஜூன் 15 முதல் போடிநாயக்கனூரிலிருந்து சென்னைக்கு நேரே விரைவு வண்டி ஓடுகிறது. மீட்டர் பாதை மூடப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த நமக்கு அது பெரிய வரம். சென்னையிலிருந்து கப்பல் ஏறினால் ஏறத்தாழ மூன்று நாளில் போர்ட் பிளேர். அந்நகருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினர். விமானத்தில் போனால் இரண்டு மணி நேரம் சற்றுக் கூடுதலாகும்.

இங்கே எம் தொழிற்பெருமை சற்று அடிபட்டது. ரயிலுக்குக் கால அட்டவணை உண்டு. ஆண்டு முழுதும் நாள் மாறாது. கப்பலுக்கோ இன்ன நாள் என்று முன்கூட்டியே உறுதி சொல்வதற்கில்லை. பயண நாட்களை அவ்வப்போது அறிவிப்பர். காற்றும் கடலும் இசையாவிடில் அதுவும் மாறும். தீவுக்குத் தீவு செல்லும் சிறு கப்பல்களுக்கும் இதே நிலை. நான்கு முறை எழுதி நான்கு முறை கிழித்தபின் ஒரு விதியைக் கண்டோம்: தீவுப் பயணத்தில் திரும்பும் நாளுக்கு முன் இரண்டு நாளை வெறுமையாக விட்டு வைக்க வேண்டும். அவ்விரண்டு நாளும் கடலுக்குரியவை, நமக்குரியவை அல்ல.

காலமும் பார்க்க வேண்டும். மே முதல் தென்மேற்குப் பருவமழை. பின்னர் அக்டோபர், நவம்பரில் புயல் அச்சம். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதி. ஆமைகள் கரையேறி முட்டையிடுவது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. ஆகவே பள்ளியின் கிறிஸ்துமஸ் விடுமுறை பத்து நாளும், தலைமையாசிரியரிடம் வேண்டிப் பெறவேண்டிய ஐந்து நாளும் சேர்த்துப் பதினைந்து நாள். போகும்போது கப்பல், வரும்போது விமானம். இந்தியக் குடிமக்கள் அந்தமான் தீவுகளுக்குச் செல்லத் தனி அனுமதி வேண்டுவதில்லை. அடையாளச் சான்று போதும்.

நம்மவர் அங்கு மிகுதி என்பதையும் அன்பர்கள் அறிய வேண்டும். 2011 குடிமதிப்பின்படி அத்தீவுகளின் மக்கள் 3,80,581 பேர்; அவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேரின் தாய்மொழி தமிழ். முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியிலேயே நக்கவாரம் என்ற பெயர் வருகிறது. அது நிக்கோபாரைக் குறிக்கும் என்பர் வரலாற்றாசிரியர். சோழர் பெருமையைக் காட்டிலும் எம் நெஞ்சைத் தொட்டது வேறொரு செய்தி. 1964 அக்டோபரில் சிறீமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் ஆனபின், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பியனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்களிற் சில, நிக்கோபாரின் கச்சால் தீவில் இரப்பர்த் தோட்ட வேலைக்குக் குடியமர்த்தப்பட்டன. 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலையில் கச்சால் தீவு பேரிழப்புக்கு உள்ளாயிற்று. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்திற்கு, அங்கிருந்து கடலுக்கு. தோட்டத்து மக்களாகிய நமக்கு அது பிறர் கதை போலத் தோன்றவில்லை.

இனி, பார்க்க வேண்டியவற்றின் பட்டியல். மகனும் யாமும் எழுதிய முதற் பட்டியலில் பதினேழு இனங்கள் இருந்தன. வட அந்தமானை அடுத்த நார்கொண்டம் தீவில் மட்டும் வாழும் இருவாச்சி, நிக்கோபாரில் மணலும் சருகும் குவித்து அதன் வெப்பத்தில் முட்டை பொரிக்கும் மேட்டுக்கோழி, ஐந்நூறு கிலோ எடை வரை வளரும் தோல்முதுகு ஆமை, கடற்பசு, உப்புநீர் முதலை, இந்தியாவில் இன்று உயிரோடிருக்கும் ஒரே எரிமலையாகிய பாரன் தீவு, பாராடாங் தீவின் சேற்று எரிமலையும் சுண்ணாம்புக் குகைகளும், இன்டர்வியூ தீவின் யானைகள். சேற்று எரிமலையின்மீது மகன் இருமுறை கோடிட்டு வைத்தான். நிலத்தடியிலிருந்து வாயு கிளம்பிக் குளிர்ந்த சேற்றைக் கொப்பளிப்பது அது. நெருப்பில்லாத எரிமலை என்றதில் அவனுக்கு அளவிலா வியப்பு.

புலி இல்லை, சிறுத்தை இல்லை என்றதும் அவன் முகம் சற்று வாடிற்று. அந்தமானின் இயற்கையான பெரிய நிலவிலங்கு காட்டுப்பன்றியே. யானையும் புள்ளிமானும் மனிதர் கொண்டுபோய் விட்டவை. மரம் இழுப்பதற்காகக் கொண்டு சென்ற யானைகளை, 1960களில் மரத்தொழில் நொடித்தபோது இன்டர்வியூ தீவில் அப்படியே விட்டுவிட்டனர். அவற்றின் வழியில் வந்தவை காட்டு யானைகளாகித் திரிந்தன. வெள்ளையர் காலத்தில் கொண்டுவந்து விட்ட புள்ளிமான், தின்னும் விலங்கு எதுவும் இல்லாமையால் பெருகிற்று; கடலை நீந்திக் கடந்து தீவு தீவாகப் பரவிற்று; இளங்கன்றுகளை மேய்ந்து காடு மீண்டும் தழைக்கவொட்டாமல் செய்கிறது. "மான்கூடவா கெட்டது?" என்றான் மகன். மான் கெட்டதன்று, அது இருக்க வேண்டிய இடம் அதுவன்று.

மூட்டை கட்டும் பகுதிக்கு வருவோம். பெட்டி படுக்கை கூடாது. ஒவ்வொருவரும் தம் பொருளைத் தாமே முதுகுப்பையில் சுமக்க வேண்டும் என்பது எம் முதல் விதி. இரண்டு மாற்றுடை, மழைச் சட்டை, தண்ணீர்ப் புட்டி, சிறு மருந்துப் பொதி, ஒரு தொலைநோக்கி, ஒரு குறிப்பேடு. அட்டைக்கு எம் வீட்டார் அஞ்சார். ஏலத்தோட்டத்தில் வளர்ந்த கால்களுக்கு அது பழக்கம். வாண்டூருக்கு அருகில் 1983இல் அமைந்த மகாத்மா காந்தி கடற்பூங்காவிற்குச் செல்லும்போது நெகிழிப் புட்டி கொண்டுபோகலாகாது என்பதால் எவர்சில்வர்ப் புட்டியே வாங்கினோம்.

இரண்டாம் விதியை நூல்கள் கற்பித்தன. பையையும் செருப்பையும் புறப்படுமுன் கழுவிக் காயவைக்க வேண்டும். மடிப்பில் ஒட்டிய மண்ணும் விதையும் எறும்பும் நம்மோடு கப்பல் ஏறலாகாது. மொரீஷியஸ் தீவில் 1598இல் ஒல்லாந்தர் இறங்கிய பின் ஒரு நூற்றாண்டு முடிவதற்குள் டோடோப் பறவை அற்றுப்போயிற்று. வேட்டையோடு, கப்பலில் வந்த எலியும் பன்றியும் குரங்கும் அதன் அழிவுக்குக் காரணம். பசிபிக் கடலில் குவாம் தீவுக்கு இரண்டாம் உலகப் போருக்குப் பின் சரக்கோடு போன ஒரு பாம்பினம், அத்தீவின் காட்டுப் பறவை இனங்களில் பெரும்பாலானவற்றை ஒழித்தது. அந்தமானிலோ, நம் வயல்களில் மழைக்காலத்தில் மஞ்சள் நிறங்கொண்டு கத்தும் பெருந்தவளை அண்மைக் காலத்தில் பரவிவருகிறது. வளர்ப்பு மீன் குஞ்சுகளோடு கலந்து போயிருக்கலாம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அதன் தலைப்பிரட்டைகள் அத்தீவுத் தவளைகளின் தலைப்பிரட்டைகளைத் தின்றுவிடுகின்றன.

இவற்றை ஒரு மாலையில் உரக்கப் படித்துக்கொண்டிருந்தோம். அன்னையார் முறத்தில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டு கேட்டிருந்தார். "போற இடத்துக்கு நாம ஒண்ணும் கொண்டுபோகக் கூடாது, அங்கருந்து ஒண்ணும் எடுத்துட்டு வரக் கூடாது. அப்படித்தானே?" என்றார். அப்படித்தான் என்றோம். அதுவரை எல்லாம் எளிதாகவே இருந்தது.

சிக்கல் பாராடாங்கில் வந்தது. ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து அங்குச் செல்லும் நெடுஞ்சாலை ஜாரவா மக்களின் காட்டினூடே போகிறது. ஜாரவா என்போர் வேட்டையாடியும் மீன்பிடித்தும் காட்டிலே வாழும் பழங்குடியினர். சில நூறு பேரே உள்ளனர். 1998 அளவில்தான் வெளியாரோடு பகையின்றிப் பழகத் தொடங்கினர். மறு ஆண்டே அவர்களிடையே தட்டம்மை பரவிற்று. வெளியார் நோய் தீவு மக்களை என்ன செய்யும் என்பதற்கு அண்டையிலேயே சான்று உண்டு. பெரிய அந்தமானியர் எனப்படும் மக்கள் 1858இல் வெள்ளையர் கைதிக் குடியிருப்பு அமைத்தபோது ஆயிரக்கணக்கில் இருந்தனர். இன்று ஐம்பது பேர் அளவில் எஞ்சியுள்ளனர்.

அச்சாலையில் வண்டிகள் காவலோடு அணியாகச் செல்ல வேண்டும், நிறுத்தலாகாது, படம் எடுக்கலாகாது, உணவு கொடுக்கலாகாது. சட்டப்படி செல்லும் பயணம்தான். போய்வந்த உறவினர் ஒருவர் தொலைபேசியில் எமக்கு ஆர்வமூட்டினார்: "சேற்று எரிமலையை விடுங்க மாப்பிள்ளை, வழியில காட்டு ஆளுங்களைப் பார்க்கலாம். அதிர்ஷ்டம் இருந்தா ரோட்டோரத்துலயே நிப்பாங்க." மகன் இதைக் கேட்டுத் துள்ளினான். யாமும், உண்மையைச் சொல்வதானால், பட்டியலின் ஓரத்தில் "ஜாரவா" என்று எழுதிவிட்டோம். ஆமைக்கும் முதலைக்கும் அடியில் எழுதினோம்.

அன்னையார் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படித்தார். எழுத்துக் கூட்டிப் படிப்பவர் அவர். அந்தச் சொல்லில் விரலை வைத்து, "இது என்ன மிருகம்?" என்றார்.

"மிருகம் இல்லம்மா, மனுசங்க" என்றோம்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு ஒன்று சொன்னார். அதற்குமுன் அவர் அதை எமக்குச் சொன்னதே இல்லை.

அவர் காய் எடுப்புக்குப் போய்க்கொண்டிருந்த காலம். சாலையோரத் தோட்டம். மழை தூறிக்கொண்டிருந்தது. இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, செடியின் அடியில் குந்தி, பெண்கள் காய் எடுத்துக்கொண்டிருந்தனர். சுற்றுலா வண்டி ஒன்று வந்து நின்றது. இறங்கியவர்கள் கேளாமலே படம் எடுத்தனர். கணக்கப்பிள்ளை ஓடிவந்து, "எந்திரிச்சு நில்லுங்க, கூடையைத் தூக்கிப் பிடிங்க, சிரிங்க" என்றார். பெண்கள் எழுந்து நின்றனர். வந்தவர்களில் ஓர் அம்மையார் பிஸ்கட்டுப் பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கு இரண்டாகக் கையில் வைத்தார். வண்டி போய்விட்டது.

"அந்தம்மா நல்ல அம்மாதான், தம்பி. பிஸ்கட்டும் நல்ல பிஸ்கட்டுதான். ஆனா அன்னைக்குப் பூரா எனக்குச் சோறு இறங்கல. ஏன்னு அப்ப எனக்குச் சொல்லத் தெரியல. நீ எழுதியிருக்கியே, ஆமைக்கு அடியில. அதான் அது" என்றார்.

எம்மால் ஒன்றும் விடை கூற இயலவில்லை. அந்தப் பிஸ்கட்டை அன்று மாலை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதைத் தின்றவன் யார் என்பது எமக்கு நினைவிருக்கிறது.

பின்னர் இச்செய்தியை மேலும் படித்தோம். 2002 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம், ஜாரவா காட்டினூடே செல்லும் சாலைப் பகுதியை மூடும்படி ஆணையிட்டது. சாலை இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. 2012 சனவரியில், உணவுக்காக ஜாரவாப் பெண்களை ஆடச்செய்த ஒரு காட்சிப்படம் வெளியாகி உலகெங்கும் தலைகுனிவை உண்டாக்கிற்று. அவ்வாண்டே, 1956ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கினர். ஆணையும் சட்டமும் இருக்க, வண்டிகள் நாள்தோறும் போகின்றன. அவற்றில் இருப்போர் பெரும்பாலும் எம்மைப் போன்ற நல்லவர்களே.

இங்கு ஒன்றை மறைக்கலாகாது. நடு அந்தமானிலும் வட அந்தமானிலும் குடியேறி வாழும் மக்களுக்கு அச்சாலை வேண்டும். அவர்களில் தமிழரும் உண்டு. மருத்துவமனைக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் அதுவே வழி என்று அவர்கள் சொல்லும்போது, மலைச்சாலை ஒன்று மூடினால் நாம் படும் பாட்டை எண்ணினால், எதிர்வாதம் செய்ய எமக்கு நா எழாது. ஆனால் யாம் நோயாளியும் அல்லேம், வணிகரும் அல்லேம். வேடிக்கை பார்க்கப் போகிறவர். எமக்குக் கடல்வழி இருக்கிறது. அரசுக் கப்பல்கள் வட அந்தமானின் டிக்ளிபூருக்கும் நடு அந்தமானின் ரங்கத்துக்கும் செல்கின்றன. நேரம் மிகும், நாளும் உறுதியில்லை, அவ்வளவே.

நம் முன்னோர் ஏலச்செடி நட இம்மலை ஏறியபோதும் இது ஆளில்லா மலையாக இருந்ததில்லை. மன்னான், முதுவர், பளியர், ஊராளி ஆகிய மக்கள் நமக்கு முன்னே இங்கு வாழ்ந்தனர், இன்றும் வாழ்கின்றனர். அவர்களை நாம் எவ்வாறு பார்த்தோம் என்ற கேள்வியும் அன்று இரவு எம்மைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் பட்டியலை மகனோடு அமர்ந்து திருத்தினோம். ஜாரவா என்ற சொல்லை அவனே அடித்தான். பாராடாங்கை அடிக்கச் சொன்னபோது கண்ணீர் வந்துவிட்டது. "நாம பார்க்காட்டி மத்தவங்க பார்ப்பாங்கதானே அப்பா?" என்றான். பார்ப்பார்கள் என்றோம். பொய் சொல்ல மனம் வரவில்லை. "அப்பத்தாவைப் படம் எடுத்த வண்டியில நாம இருந்திருந்தா, நாம இறங்கியிருப்போமா?" என்று எம் துணைவியார் அவனைக் கேட்டார். அவன் பேனாவை எடுத்தான்.

அதன்பின் வேறு சிலவும் அடிபட்டன. நிக்கோபார் தீவுகள் பழங்குடியினர்க்கென ஒதுக்கப்பட்டவை. பொதுப் பயணியர்க்கு அனுமதியில்லை. ஆகவே மேட்டுக்கோழி போயிற்று. பெரிய நிக்கோபாரின் கலாத்தியா விரிகுடாவில், தோல்முதுகு ஆமைகள் முட்டையிடும் கரையில், பெரிய சரக்குத் துறைமுகம் அமைக்கும் திட்டத்திற்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் ஒப்புதல் தரப்பட்டது. அத்திட்டம் முழுமைக்கும் 130 சதுரக் கிலோமீட்டர் காடு வேண்டும் என்பது கணக்கு. அக்கரையை எம் மகன் காணப்போவதில்லை. நார்கொண்டம் தீவில் சிறப்பு அனுமதியின்றி இறங்க இயலாது. ஏழு சதுரக் கிலோமீட்டர் அளவுள்ள அச்சிறு தீவில் மட்டுமே அவ்விருவாச்சிகள் உள்ளன. அவற்றின் உறவான மலை இருவாச்சி நம் பெரியாற்றுக் காட்டில் இருக்கிறது. அதன் சிறகோசை பழைய நீராவி வண்டி மூச்சுவிடுவது போலக் கேட்கும். பெட்டை மரப்பொந்தில் புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டு அடைகாக்க, சேவல் இரைதேடிக் கொடுக்கும். அருகில் இருக்கும் அதனை இதுவரை மகனுக்குக் காட்டாத குற்றம் எம்முடையது. கப்பல் ஏறுமுன் தேக்கடிக்கு ஒரு நாள் என்று எழுதிக்கொண்டோம்.

இழப்பு மட்டும் அன்று; ஒரு பேறும் கிடைத்தது. சேற்று எரிமலை பாராடாங்கில் மட்டும் இல்லை. வட அந்தமானில் டிக்ளிபூரை அடுத்த ஷியாம்நகரிலும் உண்டு என்று அறிந்தோம். அங்குச் செல்ல ஜாரவா காட்டு வழி வேண்டுவதில்லை. அச்செய்தியைச் சொன்ன அன்று மகன் இரண்டு தோசை கூடுதலாக உண்டான்.

இப்போதுள்ள திட்டம் இது. தலைநகரில் இறங்கி, சிடியாதாப்பூவில் மாலைப் பறவைகள். வாண்டூர்க் கடற்பூங்காவில் பவளம். பவளம் கல் அன்று, உயிர். ஆதலால் அதன்மீது நிற்பதில்லை, தொடுவதில்லை. பின்பு கப்பலில் டிக்ளிபூர். அங்கு நான்கு நாள். சாடில் சிகரத்துக் காட்டுப்பாதை, சேற்று எரிமலை, இரவில் காலிப்பூர்க் கடற்கரை. நான்கு இன ஆமைகள் முட்டையிட வரும் கரை அது. வனத்துறையார் முட்டைகளைக் காத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். அவர்கள் அனுமதித்தால், அவர்கள் காட்டும் இடத்தில், விளக்கும் படப்பெட்டியும் இன்றி அமர்ந்திருப்போம். கடலின் மேலுள்ள மங்கிய ஒளியைக் கண்டுதான் குஞ்சுகள் வழியறிகின்றன. நம் கைவிளக்கு அவற்றை வழிதப்பச் செய்யும். அங்கிருந்து மாயாபந்தர், ரங்கத். மீண்டும் கப்பலில் தலைநகர். முதலை அறிவிப்பு உள்ள ஓடையில் கால் நனைப்பதில்லை. சங்கு, சிப்பி பொறுக்குவதில்லை. பதினேழு இனங்களில் எஞ்சியவை ஒன்பது. கடலுக்குரிய இரண்டு நாளும் பட்டியலின் அடியில் இருக்கின்றன.

அன்னையார் தொடக்கத்திலிருந்தே வர மறுத்துவந்தார். ஆழிப்பேரலையைத் தொலைக்காட்சியில் பார்த்தது முதல் அவருக்குக் கடல் என்றால் அச்சம். சென்ற வாரம் யாம் மலையேறி வந்தபோது, திண்ணையில் நான்கு முதுகுப்பைகள் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கக் கண்டோம். வாங்கியவை மூன்று. நான்காவது மகனின் பழைய பள்ளிப்பை. அறுந்த வாரைத் தைத்திருந்தார்கள்.

"அந்த ரோட்டு வழியாப் போகலைன்னா நானும் வரேன். ஆமை ராத்திரிதானே வருது? எனக்கும் ராத்திரித் தூக்கம் கிடையாது" என்றார் அன்னையார்.

வருகிற டிசம்பரில் புறப்படுவதாக இருக்கிறோம். கப்பல் நாள் இன்னும் அறிவிக்கப்படவில்லை. சங்கத்து அன்பர்களில் அத்தீவுகளில் உறவினர் உள்ளோர், டிக்ளிபூர்ப் பக்கம் எளிய குடும்பத்தார் தங்கத்தக்க இடம் தெரிந்தால் எமக்கு அறிவிக்க வேண்டுகிறோம்.